கே.ஆர். கௌரியம்மாவின் சட்டமன்ற வாழ்க்கை: கேரள நிலச் சட்டத்தில் அவருடைய பங்கை எப்படி மதிப்பிடுவது?

கேள்வி: நாகர்கோவில் வாசகர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் தென்னிந்தியச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டிருக்கிறது. கேரளத்தின் கே.ஆர். கௌரியம்மாவைத் தேர்ந்துகொண்டேன். முதலமைச்சர்களைப் பற்றி எவ்வளவோ எழுதப்பட்டுவிட்டது. ஆனால் முதலமைச்சர் ஆகாமலே அரை நூற்றாண்டுக் காலம் அவையில் இருந்து, ஒரு மாநிலத்தின் நில உறவையே மாற்றிய சட்டத்தோடு பெயர் இணைந்துபோன ஒருவரைப் பற்றித் தமிழில் படிக்கக் கிடைப்பது மிகக் குறைவு. அவர் முதலில் நுழைந்த அவையும் எங்களுக்கு அந்நியமானதன்று. 1952-இலும் 1954-இலும் அவர் திருவிதாங்கூர்-கொச்சி சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தபோது, பின்னர் கன்னியாகுமரி மாவட்டமான நான்கு தாலுகாக்களும் அந்த மாநிலத்தில்தான் இருந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் உறுப்பினர்கள் அதே அவையில் அமர்ந்திருந்தார்கள்.

நான் உறுதி செய்துகொண்ட விவரங்கள் இவை. 1919-இல் சேர்த்தலைக்கு அருகிலுள்ள பட்டணக்காட்டில், ஈழவர் என்ற பிற்படுத்தப்பட்ட சாதிக் குடும்பத்தில் பிறந்தார். சட்டம் படித்து வழக்கறிஞரானார். 1948-இல் முதல் தேர்தலில் தோற்றார். மொத்தம் 17 தேர்தல்களில் நின்று 13-இல் வென்றார். ஆறு அமைச்சரவைகளில் இருந்தார். 2021 மே 11 அன்று 101 வயதில் மறைந்தார்.

நான் தயங்கி நிற்கும் இடம் இதுதான். கேரள நிலச் சீர்திருத்தத்தைச் சிலர் முதல் முதலமைச்சர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட்டின் சாதனை என்கிறார்கள், சிலர் பின்னால் முதலமைச்சரான அச்சுத மேனோனுடையது என்கிறார்கள், வேறு சிலர் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் (ஏ.கே.ஜி.) நடத்திய போராட்டங்களின் விளைவு என்கிறார்கள். இவர்களுக்கு நடுவில் மசோதாவை அவையில் கொண்டுவந்த அமைச்சருக்கு உரியது என்ன? கட்சி முடிவெடுக்க, அதிகாரிகள் எழுதிக் கொடுக்க, அவர் வாசித்தார் என்பது மட்டும்தானா? அவருடைய வாழ்க்கையை வெறும் பதவிப் பட்டியலாகச் சொல்லிவிட்டு இறங்க எனக்கு விருப்பமில்லை. அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

---

பதில் 1: அவைக்குறிப்பு

நல்ல கேள்வி. முதலமைச்சர்களின் பெயரில் சட்டங்களை எழுதிவைக்கும் வழக்கம் நம் எல்லா மாநிலங்களிலும் உண்டு என்பதால், இந்த ஒரு சட்டத்தைக் கால வரிசையில் பின்தொடர்ந்து பார்ப்பது உங்கள் பேச்சுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

1957 ஏப்ரல் 5 அன்று இ.எம்.எஸ். தலைமையிலான கம்யூனிஸ்ட் அமைச்சரவை பதவியேற்றது. பதினொரு பேர் கொண்ட அந்த அமைச்சரவையில் ஒரே பெண் கௌரியம்மா. வருவாய்த் துறை அவருடையது. பதவியேற்ற ஆறாம் நாள், ஏப்ரல் 11 அன்று, குத்தகை விவசாயிகளையும் குடிகிடப்புக்காரர்களையும் நிலத்திலிருந்து வெளியேற்றும் நடவடிக்கைகளை நிறுத்திவைக்கும் அவசரச் சட்டம் வந்தது. குடிகிடப்புக்காரர் என்றால் பிறருடைய நிலத்தில் குடிசை போட்டுக்கொள்ள அனுமதிக்கப்பட்டு, அதற்கு ஈடாக அந்த நிலவுடைமையாளரின் வேலைக்குக் கட்டுப்பட்டிருந்தவர். பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட அல்லது பிற்படுத்தப்பட்ட சாதியைச் சேர்ந்த கூலித் தொழிலாளி. நிலச் சீர்திருத்தம் வரப்போகிறது என்று தெரிந்தவுடன் ஜென்மிகள் எனப்பட்ட நிலவுடைமையாளர்கள் முதலில் செய்வது வெளியேற்றம்தான். எந்தக் குத்தகைக்காரருக்கு நிலம் தரச் சட்டம் எழுதப்படுகிறதோ, அவர் சட்டம் வரும்போது அந்த நிலத்தில் இருக்கமாட்டார். இந்தியாவின் பல மாநிலங்களில் சீர்திருத்தச் சட்டங்கள் தோற்றுப்போனது இந்த இடைவெளியில்தான். கேரளத்தில் அந்த இடைவெளி முதல் வாரத்திலேயே அடைக்கப்பட்டது. நான் அவருடைய வாழ்க்கையைச் சொல்வதாக இருந்தால் இந்த அவசரச் சட்டத்திலிருந்துதான் தொடங்குவேன், ஏனென்றால் பின்னால் வந்த அனைத்தும் இதன் மீது நிற்கின்றன.

அதே ஆண்டு டிசம்பர் 21 அன்று விவசாய உறவு மசோதாவை அவர் அவையில் அறிமுகப்படுத்தினார். குத்தகை விவசாயிக்கு நிலையான உரிமை, நியாயமான பாட்டம் (குத்தகைத் தொகை), நிலவுடைமையாளரின் உரிமையை விலைகொடுத்து வாங்கும் வாய்ப்பு, குடும்பத்துக்கு நில உச்சவரம்பு என்று நான்கு தூண்கள் அதில் இருந்தன. அறிமுகத்திலிருந்து நிறைவேறுவதற்கு ஏறத்தாழ பதினெட்டு மாதங்கள் ஆயின. தெரிவுக் குழு, பிரிவு வாரியான விவாதம், திருத்தங்கள் என்று போன அந்தக் காலம் முழுவதும் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நின்றவர் வருவாய்த் துறை அமைச்சர். திருவிதாங்கூர், கொச்சி, மலபார், காசர்கோடு என்ற நான்கு பகுதிகளிலும் நில உரிமை முறை வெவ்வேறாக இருந்தது. காணம், வெறும்பாட்டம் என்று தொடங்கி எத்தனையோ வகையான உரிமைகளை ஒரே சட்டத்துக்குள் வரையறுக்க வேண்டியிருந்தது. கட்சி கொள்கையை முடிவு செய்யலாம். ஆனால் ஒரு பிரிவில் எந்த வகைக் குத்தகைக்காரர் விடுபட்டுப்போகிறார் என்பதை அவையில் நின்று கவனிப்பதற்குச் சட்டமும் தெரிய வேண்டும், வயலும் தெரிய வேண்டும். அவர் சேர்த்தலையில் வழக்கறிஞராகத் தொழில் செய்தவர்; 1946-இல் துப்பாக்கிச் சூட்டில் விவசாயத் தொழிலாளர்களும் கயிற்றுத் தொழிலாளர்களும் மாண்ட வயலார் அவருடைய ஊருக்கு அடுத்த ஊர்.

1959 ஜூன் 10 அன்று மசோதா நிறைவேறியது. அதற்கு இரண்டு நாள் கழித்து விமோசன சமரம் என்ற அரசு எதிர்ப்புப் போராட்டம் தொடங்கியது. கல்விச் சட்டம் அதற்கு உடனடிக் காரணமாகச் சொல்லப்பட்டாலும், நிலச் சட்டத்தால் இழக்கப்போகிறவர்களும் அந்த அணியில் திரண்டிருந்தார்கள். ஜூலை 31 அன்று அரசியல் சாசனத்தின் 356-ஆவது பிரிவைப் பயன்படுத்தி மத்திய அரசு அமைச்சரவையைக் கலைத்தது. மசோதா குடியரசுத் தலைவரின் ஒப்புதல் இல்லாமல் நின்றுபோனது.

அடுத்து நடந்ததை அதிகம் பேர் கவனிப்பதில்லை. 1960 தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சி தோற்றது, ஆனால் கௌரியம்மா சேர்த்தலையில் மறுபடியும் வென்றார். திருப்பி அனுப்பப்பட்ட மசோதா பட்டம் தாணுப்பிள்ளை தலைமையிலான புதிய கூட்டணி அரசின் கையில் திருத்தப்பட்டு அதே அவைக்கு வந்தபோது, அதை முதலில் கொண்டுவந்தவர் எதிர்க்கட்சி வரிசையில் இருந்தார். 1961 ஜனவரியில் ஒப்புதல் கிடைத்துச் சட்டமானது. ஒரு சட்டமன்ற உறுப்பினருடைய வாழ்க்கையில் இதைவிடக் கடினமான இருப்பை நான் எண்ணிப் பார்க்க முடியவில்லை. தான் வார்த்தை வார்த்தையாகக் காத்த ஒன்றை மற்றவர்கள் தளர்த்தும்போது அங்கேயே இருந்து மறுப்பைப் பதிவு செய்ய வேண்டும், ஆனால் வாக்கெடுப்பில் தோற்பது நிச்சயம்.

---

பதில் 2: எர்ணாகுளம் வழக்கறிஞர்

மேலே சொன்னவற்றோடு நீதிமன்றப் பகுதியைச் சேர்க்காவிட்டால் கதை பாதியில் நின்றுவிடும்.

1961-இல் வந்த அந்தச் சட்டம் அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் அடிபட்டது. கரிம்பில் குஞ்ஞிக்கோமன் வழக்கு என்று சட்டக் கல்லூரிகளில் சொல்லித்தரப்படும் தீர்ப்பு அது. மனுதாரர்கள் ஹோஸ்துர்க், காசர்கோடு தாலுகாக்களைச் சேர்ந்தவர்கள். அப்பகுதி 1956 வரை சென்னை மாநிலத்தின் தென்கன்னட மாவட்டத்தில் இருந்ததால் அங்கே விவசாயி நேரடியாக அரசுக்கு வரி கட்டும் ரயத்துவாரி முறை நடைமுறையில் இருந்தது. நில உரிமைச் சட்டங்களுக்குப் பாதுகாப்புத் தரும் அரசியல் சாசனத்தின் 31-ஏ பிரிவு ‘எஸ்டேட்’ என்ற வகை நிலத்தை மட்டுமே குறிப்பிட்டது. ரயத்துவாரி நிலம் அந்த வகைக்குள் வராது என்று நீதிமன்றம் கூறியது. பாதுகாப்பு நீங்கியவுடன் சமத்துவ உரிமையைக் கொண்டு சட்டம் சோதிக்கப்பட்டது. தேயிலை, காப்பி, ரப்பர் ஆகிய தோட்டங்களுக்கு விலக்கு அளித்துவிட்டுப் பாக்குக்கும் மிளகுக்கும் அளிக்காமல் விட்டது பாகுபாடு என்பது நீதிமன்றம் சுட்டிய குறைகளில் ஒன்று.

இதற்குப் பின் ஆர். சங்கர் தலைமையிலான காங்கிரஸ் அரசு 1963-இல் கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பெயரளவில் இன்றும் நடைமுறையில் இருப்பது அந்தச் சட்டம்தான். ஆனால் அது முதலில் வந்த வடிவத்தில் குத்தகைக்காரருக்குப் பழைய மசோதா தந்த அளவு தரவில்லை. 1964-இல் வந்த 17-ஆவது அரசியல் சாசனத் திருத்தம் ரயத்துவாரி நிலங்களையும் ‘எஸ்டேட்’ வரையறைக்குள் கொண்டுவந்தது.

1967-இல் இரண்டாவது இ.எம்.எஸ். அமைச்சரவை. வருவாய்த் துறை மறுபடியும் கௌரியம்மாவிடம். பத்து ஆண்டுகள் கழித்து அதே நாற்காலிக்கு வந்தவர், இந்த முறை புதிய சட்டம் எழுதாமல், காங்கிரஸ் அரசு இயற்றிய 1963 சட்டத்தையே எடுத்து ஏறக்குறைய அடியோடு திருத்தினார். 1969 அக்டோபரில், அந்த அமைச்சரவை விழுவதற்குச் சில நாட்களுக்கு முன், திருத்தச் சட்டம் அவையில் நிறைவேறியது. நிலவுடைமையாளரின் உரிமை முழுவதும் அரசிடம் வந்து சேரும், அதைக் குத்தகைக்காரர் வாங்கிக்கொள்ளலாம் என்பது அதன் மையம். குடிகிடப்புக்காரர் தம் குடிசை நிற்கும் நிலத்தைக் கிராமப் பஞ்சாயத்தில் பத்து சென்ட், நகராட்சியில் ஐந்து சென்ட், பெருநகரில் மூன்று சென்ட் வரை வாங்கும் உரிமையும் அதில் இருந்தது. ஐந்து பேர் வரை உள்ள குடும்பத்துக்கு உச்சவரம்பு பத்து ஸ்டாண்டர்ட் ஏக்கராக (நிலத்தின் வகைக்கேற்ப மாறும் அளவு) குறைந்தது.

நவம்பர் 1 அன்று அச்சுத மேனோன் அமைச்சரவை பதவியேற்றது. டிசம்பரில் ஒப்புதல் கிடைத்தது. 1970 ஜனவரி 1 முதல் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் அச்சுத மேனோன். ஆகவே இ.எம்.எஸ்., கௌரியம்மா ஆகியோர் இருந்த மார்க்சிஸ்ட் கட்சி, அச்சுத மேனோனின் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி என்ற இரு கம்யூனிஸ்ட் கட்சிகளுக்கும் இடையில் இன்றுவரை நீடிக்கும் உரிமைத் தகராறில் இரு தரப்புக்கும் சான்று உண்டு. சட்டத்தை இயற்றியது ஓர் அமைச்சரவை, அமல் செய்தது அடுத்த அமைச்சரவை. மூன்றாவது தரப்புக்கும் சான்று உண்டு: 1969 டிசம்பர் 14 அன்று ஆலப்புழையில் கூடிய மாநாட்டின் அறைகூவலை ஏற்று, ஜனவரி 1 முதல் குடிகிடப்புக்காரர்கள் பத்து சென்ட் நிலத்தைத் தாங்களே வேலி போட்டு எடுத்துக்கொள்ளும் போராட்டம் தொடங்கியது. ஏ.கே.ஜி. அதன் முன்னணியில் இருந்தார். காகிதத்தில் இருந்த உரிமை நிலத்தில் இறங்கியது அந்த வேலிகளால்தான் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

ஒரு செய்தியைக் கட்டாயம் சேருங்கள். 1969 திருத்தத்தை எதிர்த்துக் காசர்கோட்டின் எடநீர் மடத்துத் தலைவர் கேசவானந்த பாரதி 1970-இல் உச்ச நீதிமன்றம் சென்றார். அந்தச் சட்டத்தை, நீதிமன்றச் சவாலிலிருந்து பாதுகாப்புத் தரும் அரசியல் சாசனத்தின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்த 29-ஆவது திருத்தமும் அதே வழக்கில் கேள்விக்குள்ளானது. 13 நீதிபதிகள் கேட்ட அந்த வழக்கின் தீர்ப்பு 1973 ஏப்ரல் 24 அன்று வந்தது. நிலச் சட்டம் பிழைத்துக்கொண்டது. கூடவே, அரசியல் சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்ற கோட்பாடும் பிறந்தது. இந்தியாவின் மிகப் பெரிய அரசியல் சாசன வழக்கு, சேர்த்தலையிலிருந்து வந்த ஒரு வழக்கறிஞர் அவையில் வாதாடி நிறைவேற்றிய திருத்தச் சட்டத்திலிருந்துதான் கிளம்பியது என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?

---

பதில் 3: மூணாறுத் தமிழர்

மேலுள்ள இரு பதில்களும் சரியானவை. நானும் அவரை மதிப்பவன்தான். ஆனாலும் உங்கள் பேச்சில் ஒரு பகுதியை எங்களுக்காக ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பெருந்தோட்டங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்கு என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறோம். அந்த விலக்கு 1957 மசோதாவிலும் இருந்தது, 1963 சட்டத்திலும் இருந்தது, 1969 திருத்தத்துக்குப் பின்னும் நீடித்தது. தோட்டத் தொழில் சிதறினால் ஏற்றுமதியும் வேலைவாய்ப்பும் கெடும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். அதன் பலன் என்னவென்றால், தேவிகுளம், பீர்மேடு மலைகளில் மூன்று நான்கு தலைமுறைகளாகத் தேயிலை பறித்த தமிழ்த் தொழிலாளர்கள் கேரளமே கொண்டாடும் நிலச் சீர்திருத்தத்தில் நிலம் பெறாதவர்களாக நின்றுவிட்டார்கள். ஆலப்புழையில் குடிசைவாசிக்குப் பத்து சென்ட் கிடைத்தது. கம்பெனி கட்டிக் கொடுத்த லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) வாழ்ந்தவருக்கு ஓய்வு பெறும் நாளில் லயத்தைக் காலி செய்யும் கடமைதான் கிடைத்தது. 1971-இல் அச்சுத மேனோன் அரசு கண்ணன் தேவன் மலைகளின் நிலத்தைத் தனிச் சட்டம் போட்டு அரசுடைமையாக்கியது. உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. அதன் பின்னும் தொழிலாளியின் பெயரில் மனை வந்து சேரவில்லை. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் நிலச்சரிவில் லயங்களோடு புதைந்தவர்கள் யார் என்று பார்த்தால் இந்த விலக்கின் பொருள் விளங்கும்.

இதைக் கௌரியம்மா ஒருவரின் மீது சுமத்த நான் விரும்பவில்லை. அன்றைய அவையில் எந்தக் கட்சியும் தோட்டங்களைத் தொடத் துணியவில்லை. ஆனால் ஒரு சட்டத்தின் பெருமை அதைக் கொண்டுவந்தவரைச் சேரும் என்றால், அது விட்டுவிட்டவர்களின் கணக்கும் அவருடைய வாழ்க்கையின் பகுதியாகவே எழுதப்பட வேண்டும். தலித் மக்களுக்கும் இதே குறை உண்டு: குத்தகைக்காரராகப் பதிவாகியிருந்த இடைநிலைச் சாதியினருக்கு வயல் கிடைத்தது, அந்த வயலில் உழைத்த புலையருக்கும் பறையருக்கும் குடிசை மனை மட்டும் கிடைத்தது.

---

கேள்வி கேட்டவரின் தொடர்ச்சி: நாகர்கோவில் வாசகர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மூணாற்று நண்பர் சொன்னது என் பேச்சின் போக்கையே மாற்றும். இன்னும் இரண்டு விஷயங்களை யாராவது விளக்க முடியுமா? 1987-இல் அவர் முதலமைச்சர் ஆகாமல் போனதும், 1994-இல் கட்சியிலிருந்து நீக்கப்பட்டதும் அவருடைய சட்டமன்றப் பணியை எப்படிப் பாதித்தன? ஆதிவாசி நிலச் சட்டத்தில் அவர் தனியாக எதிர்த்து வாக்களித்தார் என்று ஓரிடத்தில் படித்தேன்; அது எந்தச் சூழலில் நடந்தது?

---

பதில் 4: ஆலப்புழைக்காரர்

நான் சேர்த்தலைப் பக்கத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவன். அவருடைய தேர்தல்களை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

1965 முதல் அவருடைய தொகுதி அரூர். அந்த ஆண்டு தேர்ந்தெடுக்கப்பட்ட அவை, எவருக்கும் பெரும்பான்மை இல்லாததால் கூடாமலே கலைந்தது. 1967, 1970 என்று தொடர்ந்து வென்றவர் 1977-இல் தோற்றார். 1980-இலிருந்து 2001 வரை மீண்டும் தொடர்ந்து வென்றார். 1964-இல் கட்சி பிளந்தபோது அவர் மார்க்சிஸ்ட் கட்சியிலும், அவருடைய கணவரும் 1957 அமைச்சரவையில் உடன் இருந்தவருமான டி.வி. தாமஸ் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியிலும் நின்றதையும், இருவரும் 1967 அமைச்சரவையில் இரு வேறு கட்சிகளின் அமைச்சர்களாக இருந்ததையும் பலரும் எழுதியிருக்கிறார்கள். அதை நீங்கள் சுருக்கமாகச் சொன்னால் போதும்.

1987 தேர்தலில் இடது ஜனநாயக முன்னணி முதலமைச்சர் வேட்பாளரை அறிவிக்காமல் போட்டியிட்டது. தென்னை நிறைந்த கேரள நாட்டைக் கே.ஆர். கௌரி ஆள்வார் என்ற பொருளில் ஒரு முழக்கம் ஊர் ஊராக ஒலித்தது. வென்ற பின் இ.கே. நாயனார் முதலமைச்சரானார், கௌரியம்மாவுக்குத் தொழில் துறை கிடைத்தது. ஈழவப் பெண் என்பதால் மறுக்கப்பட்டார் என்று ஒரு சாரார் இன்றும் சொல்கிறார்கள். கட்சி அதை ஏற்றதில்லை. கேரளத்துக்கு இதுவரை ஒரு பெண் முதலமைச்சர் வரவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்த மனக்குறை ஏன் ஆறவில்லை என்பது புரியும். அந்த ஐந்தாண்டுகளில் அவர் தொழில் துறையில் சோர்ந்து உட்கார்ந்துவிடவில்லை. 1990-இல் திருவனந்தபுரத்தில் டெக்னோபார்க் நிறுவப்பட்டபோது தொழில் அமைச்சர் அவர்தான்.

கட்சி ஒழுங்கை மீறினார் என்று 1994 தொடக்கத்தில் மார்க்சிஸ்ட் கட்சி அவரை நீக்கியது. எழுபத்தைந்தை நெருங்கும் வயதில் அவர் ஜனாதிபத்ய சம்ரக்ஷண சமிதி என்ற கட்சியைத் தொடங்கி, காங்கிரஸ் தலைமையிலான ஐக்கிய ஜனநாயக முன்னணியோடு சேர்ந்தார். தாம் வாழ்நாள் முழுவதும் எதிர்த்தவர்களோடு சேர்ந்துவிட்டார் என்று பழைய தோழர்கள் மனம் வருந்தினார்கள். ஆனாலும் 1996-இல் அரூர் மக்கள் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். வாக்கு கட்சிக்கா ஆளுக்கா என்ற கேள்விக்கு அந்தத் தேர்தலைவிடத் தெளிவான பதில் எங்கள் மாவட்டத்தில் கிடைத்ததில்லை.

அந்த ஆண்டுதான் நீங்கள் கேட்ட வாக்கெடுப்பும் நடந்தது. பழங்குடியினரின் நிலத்தைப் பிறர் வாங்குவதைத் தடுத்து, பறிபோன நிலத்தை மீட்டுத் தருவதற்காக 1975-இல் கேரள சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியிருந்தது. அதற்கான விதிகள் 1986-இல்தான் வந்தன. வயநாட்டில் ஒரு மருத்துவர் தொடுத்த வழக்கில் சட்டத்தை அமல்படுத்துமாறு உயர் நீதிமன்றம் 1993-இல் உத்தரவிட்டது. அமல்படுத்தினால் மலையோரங்களில் குடியேறிய ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நிலத்தை விட வேண்டும்; அவர்களுடைய வாக்கு இரு முன்னணிகளுக்கும் தேவை. ஆகவே 1996-இல் சட்டத்தையே தளர்த்தும் திருத்தம் வந்தது. ஆளும் முன்னணியும் எதிர் முன்னணியும் ஒன்றாக ஆதரித்தன. 140 இடங்கள் கொண்ட அவையில் எதிர்த்தவர் கௌரியம்மா ஒருவர். அவருடைய முன்னணியும் அவரோடு நிற்கவில்லை. அந்தத் திருத்தத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. 1999-இல் மாநில அரசு வேறு வழியில் புதிய சட்டம் இயற்றியது. இரண்டு ஹெக்டேர் வரையிலான நிலத்தைக் குடியேறியவர் வைத்துக்கொள்ளலாம், பழங்குடியினருக்கு வேறு நிலம் தரப்படும் என்றது அது. 2009-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஆக, நடைமுறையில் அவருடைய எதிர்ப்பு வெல்லவில்லை. ஆனாலும் என் மதிப்பீட்டில், அவருடைய அரை நூற்றாண்டுச் சட்டமன்ற வாழ்க்கையில் 1957 அவசரச் சட்டத்துக்கு இணையாக வைக்கத் தக்கது அந்த ஒற்றை வாக்கு. கட்சியின் பலம் பின்னால் இருந்தபோது செய்தது முதலாவது. பின்னால் ஒருவரும் இல்லாதபோது செய்தது இரண்டாவது. இரண்டிலும் நிலம் இழந்தவர் பக்கமே நின்றார்.

---

பதில் 5: அவைக்குறிப்பு

ஆலப்புழை நண்பரின் பதிலைப் பெரிதும் ஏற்கிறேன். அவர் நிறுத்திய இடத்துக்குப் பின் நடந்த ஒன்றையும் நாகர்கோவில் நண்பர் விடக்கூடாது. 2001-இல் கௌரியம்மா ஏ.கே. ஆன்டனி அமைச்சரவையில் விவசாயத் துறை அமைச்சரானார். 2003 பிப்ரவரி 19 அன்று வயநாட்டின் முத்தங்கா காட்டில் நிலம் கேட்டுக் குடிசை போட்டிருந்த ஆதிவாசிகள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியபோது அவர் அந்த அமைச்சரவையில்தான் இருந்தார். 2006 வரை அமைச்சராகவே நீடித்தார். 1996-இல் தனியாக நின்ற அதே உறுப்பினர் கூட்டுப் பொறுப்புள்ள அமைச்சரவைக்குள் இருந்தபோது நிலைமை வேறாக இருந்தது. அவையில் தனி உறுப்பினருக்கு இருக்கும் சுதந்திரம் அமைச்சருக்கு இல்லை என்பது விளக்கமாகலாம். ஆனால் பதவி விலகும் சுதந்திரம் அமைச்சருக்கும் உண்டு. இந்த இடத்தில் நான் அவரை ஆதரித்துப் பேச மாட்டேன்.

உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இது. 1957, 1960, 1969 ஆகிய மூன்று கட்டங்களிலும் நில மசோதா அவைக்கு வந்தபோது உள்ளே இருந்தவர்களில் அவர் ஒருவர். முதலிலும் கடைசியிலும் அமைச்சராக, நடுவில் எதிர்க்கட்சி உறுப்பினராக. 1961 தீர்ப்பு எங்கே சட்டத்தை வெட்டியது என்று தெரிந்த நிலையில் 1969 திருத்தத்தைக் கொண்டுசெல்ல, முதல் மசோதாவின் ஒவ்வொரு பிரிவையும் அறிந்தவர் தேவைப்பட்டார். அந்தத் தொடர்ச்சியை அரசுக்குத் தந்தது கட்சி மட்டுமன்று. அவரைத் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்த சேர்த்தலை, அரூர் வாக்காளர்களுக்கும் அதில் பங்கு உண்டு. அதே அரூரில் 2006-இல் அவர் மார்க்சிஸ்ட் கட்சி வேட்பாளர் ஏ.எம். ஆரிபிடம் தோற்றார். 2011-இல் 91 வயதில் சேர்த்தலையில் நின்றும் தோற்றார்.

உங்கள் ஒரு மணி நேரத்தில் பாதியை 1957-இலிருந்து 1970 வரையிலான பதின்மூன்று ஆண்டுகளுக்கும், கால் பகுதியை மூணாற்று நண்பர் சொன்ன விடுபட்டவர்களுக்கும் 1996 வாக்கெடுப்புக்கும் ஒதுக்கலாம். எந்தெந்தத் தேர்தலில் வென்றார் என்பதை ஒரு தாளில் அச்சடித்துக் கேட்க வருபவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். மேடையில் அதை வாசிக்க நேரம் செலவழிக்க வேண்டாம். அவருடைய தன்வரலாறு மலையாளத்தில் இருக்கிறது, 2011-ஆம் ஆண்டுக்கான கேரள சாகித்திய அகாதமி விருது பெற்றது. உங்கள் ஊரில் மலையாளம் படிக்கத் தெரிந்தவர்கள் நிறைய இருப்பார்கள். நில மசோதாவைப் பற்றிய பக்கங்களை அவர்களில் ஒருவரை வாசித்துச் சொல்லச் சொன்னால், நாங்கள் இங்கே எழுதியவற்றை அவருடைய சொற்களோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.